வியர்வையின் நன்மையா, வெப்பத்தின் நன்மையா?

நீராவிக் குளியல் நடத்தும் இடங்கள் பெரும்பாலும் இரண்டு வாக்குறுதிகளைத் தருகின்றன. உடலில் சேர்ந்த நச்சு வியர்வையோடு வெளியேறும், எடை குறையும் என்பவை அவை. இரண்டுமே ஆராய்ந்தால் நிற்காதவை. வியர்வையில் ஏறக்குறைய முழுவதும் தண்ணீர்தான். மிச்சம் பெரும்பாலும் உப்பு. யூரியாவும் சில உலோகங்களும் துளியளவு கலந்திருந்தாலும், இரத்தத்தைச் சுத்தம் செய்வது கல்லீரலும் சிறுநீரகமும்தான்; தோலின் பங்கு அதில் மிகச் சொற்பம். வெளியே வந்ததும் தராசு அரைக் கிலோ குறைத்துக் காட்டலாம். இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தால் அது திரும்பிவிடும். இதை வைத்து நீராவிக் குளியலையே வீண் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அதில் நன்மை உண்டு. அந்த நன்மை நடக்கும் இடம் இதயமும் இரத்தக்குழாய்களும். தவறான காரணத்தைச் சொல்லி விற்பதால்தான் சரியான காரணம் மக்களுக்குத் தெரியாமல் போகிறது. அது யாருக்கு ஆகாது என்பதும் கூடவே மறைந்துபோகிறது.

இந்த விஷயத்தில் உலகம் பாடம் கேட்க வேண்டிய நாடு பின்லாந்து. சுமார் 55 லட்சம் மக்கள் வாழும் அங்கே ஏறத்தாழ 30 லட்சம் சவுனாக்கள், அதாவது சூடேற்றிய மர அறைகள், இருக்கின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பிலும், ஏரிக்கரைக் குடிலிலும், நாடாளுமன்றக் கட்டடத்திலும்கூட உண்டு. ஒரு காலத்தில் பெண்கள் பிள்ளை பெற்றதும், இறந்தவர்களைக் குளிப்பாட்டியதும் அந்த மர அறையில்தான். தாம்பெரே நகரில் 1906இல் தொடங்கிய பொதுச் சவுனா இன்றும் இயங்குகிறது. பின்லாந்தின் சவுனாப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அடுப்பின் மேல் அடுக்கிய கற்கள் கொதிக்கக் கொதிக்கச் சூடேறி, அறையின் வெப்பம் 80 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை போகும். கற்களின் மேல் ஓர் அகப்பைத் தண்ணீர் ஊற்றினால் குப்பென்று ஆவி எழும். அதற்குள் உட்கார்ந்திருப்பவரின் தோல் சில நிமிடங்களில் 40 டிகிரியை எட்டுகிறது. சூட்டை வெளியேற்ற இரத்தக்குழாய்கள் விரிகின்றன, இரத்தம் தோலை நோக்கிப் பாய்கிறது, அதற்கு ஈடுகொடுக்க நாடித் துடிப்பு நிமிடத்துக்கு நூறைத் தாண்டுகிறது. வேகமாக நடக்கும்போது இதயம் செய்யும் வேலையை, அசையாமல் உட்கார்ந்திருக்கும்போதே அது செய்கிறது. தசைகளுக்கு மட்டும் அந்தப் பயிற்சி கிடைப்பதில்லை. அதனால் இது நடைப்பயிற்சிக்கு மாற்றாகாது.

இதன் பலன் நாளடைவில் தெரிகிறதா? கிழக்கு பின்லாந்தின் குவோபியோ பகுதியில் 1980களில் சேர்க்கப்பட்ட 2,315 நடுத்தர வயது ஆண்களை ஆய்வாளர்கள் சுமார் 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். யாரி லவுக்கனென் தலைமையிலான குழு 2015இல் வெளியிட்ட முடிவு இது: வாரம் ஒருமுறை சவுனா சென்றவர்களில் அந்தக் காலத்துக்குள் 49 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், இரண்டு மூன்று முறை சென்றவர்களில் 38 சதவீதம், நான்கு முதல் ஏழு முறை சென்றவர்களில் 31 சதவீதம். உடல்நலம் உள்ளவர்தானே அடிக்கடி போவார், அப்படியானால் எது காரணம், எது விளைவு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. புகைப்பழக்கம், இரத்த அழுத்தம், கொழுப்பு, உடற்பயிற்சி, வருமானம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும், அடிக்கடி போனவர்களுக்குத் திடீர் இதய மரண ஆபத்து 63 சதவீதம் குறைவாகவே இருந்தது. ஆனாலும் அப்படி அடிக்கடி போனவர்கள் 201 பேர்தான், அனைவரும் ஆண்கள். கவனித்துப் பார்க்கும் ஆய்வு எதுவும் காரணத்தை நிரூபித்துவிடாது. அதனால்தான் 2022இல் வெளியான ஒரு சிறிய சோதனை எனக்கு முக்கியமாகப் படுகிறது. 47 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு உடற்பயிற்சி மட்டும், இன்னொரு பிரிவினருக்கு அதோடு 15 நிமிடச் சவுனாவும் எட்டு வாரம் கொடுத்தார்கள். சவுனாவும் எடுத்தவர்களுக்கு இரத்த அழுத்தத்தின் மேல் அளவு கூடுதலாக 8 புள்ளி இறங்கியது. ஜப்பானிலோ இதயம் பலவீனமான நோயாளிகளையே 60 டிகிரி அறையில் 15 நிமிடம் உட்காரவைத்து, பிறகு அரை மணி நேரம் போர்வைக்குள் படுக்கவைக்கும் சிகிச்சை மருத்துவர்களின் மேற்பார்வையில் நடக்கிறது.

நம் ஊர் நீராவி அறை வேறு வகை என்பதையும் சொல்லியாக வேண்டும். சவுனாவின் காற்று பெரும்பாலும் உலர்ந்தது. வியர்வை ஆவியாகி உடலைக் குளிர்விக்கும். ஈரம் நிறைந்த ஆவி அறையில் வியர்வை ஆவியாக வழியில்லை; மாறாக, ஆவிதான் தோலின் மேல் நீராகப் படிந்து தன் சூட்டையும் இறக்கிவைக்கிறது. 45 டிகிரியிலேயே அங்கே மூச்சுமுட்டுவது இதனால்தான். ஆகவே சவுனா ஆய்வின் எண்களை அப்படியே தூக்கி ஆவி அறையின் விளம்பரத்தில் போடுவது நேர்மையாகாது. உடல் சூடேறுவதும் குழாய்கள் விரிவதும் இரண்டுக்கும் பொது. நீண்டகாலச் சான்று சவுனாவுக்கே உண்டு. ஆவி நம் மரபுக்கும் புதிதல்ல: சித்த மருத்துவத்தின் புறமருத்துவ முறைகளில் வேது (ஆவி) பிடித்தலும் ஒன்று. இயற்கை மருத்துவ நிலையங்களில் கழுத்துவரை பெட்டிக்குள்ளும் தலை வெளியிலுமாக உட்காரவைத்து, தலையில் ஈரத்துணி போடுகிறார்கள். உள்ளே போகுமுன் தண்ணீர் குடிக்கச் சொல்வதும், முடிந்ததும் குளிர்ந்த நீரில் குளிக்கச் சொல்வதும் வழக்கம். உடலின் சூடு எல்லை மீறாமல் காக்கும் நல்ல ஏற்பாடு இது.

சென்னையின் மே மாதத்தில் வெந்துகொண்டிருப்பவருக்கு இன்னும் வெப்பம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். இந்தக் கேள்விதான் விஷயத்தின் உள்ளே கொண்டுபோகிறது. தமிழகத்தின் உப்பளங்களில் நாள் முழுதும் வெயிலில் நின்று, போதிய தண்ணீரும் நிழலும் கழிப்பறையும் இல்லாமல் உழைப்பவர்களிடம் சிறுநீரகப் பாதிப்பை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். அதே வெப்பம் ஒருவருக்கு மருந்தாகவும் இன்னொருவருக்கு நோயாகவும் ஆகக் காரணம், அதிலிருந்து எழுந்துபோகும் உரிமை. கால் மணி நேரச் சூடு, பிறகு குளிர்ச்சி, தண்ணீர், ஓய்வு என்ற வரிசையில்தான் உடல் தேறுகிறது. மனம் இளைப்பாறுவதிலும் இந்த வரிசைக்குப் பங்கு உண்டு. அந்த அறைக்குள் கைப்பேசிக்கு இடமில்லை, சும்மா உட்காருவதைத் தவிர வேலையில்லை. வெளியே வந்தபின் உடலின் உள்வெப்பம் மெல்ல இறங்கும்; அந்த இறக்கம் தூக்கத்தை அழைக்கும். இதற்கு ஆவி அறைகூடத் தேவையில்லை. படுப்பதற்கு ஒன்று இரண்டு மணி நேரம் முன்பு வெந்நீரில் குளிப்பவர்கள் சீக்கிரம் தூங்குகிறார்கள் என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பணம் கட்ட முடியாதவருக்கும் ஒரு வாளி வெந்நீர் கிட்டும்.

எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதையும் பின்லாந்தே பார்த்துவிட்டது. ஹெய்னோலா நகரில் நடந்துவந்த சவுனா தாங்கும் போட்டியில், 2010இல் 110 டிகிரி அறையில் இறுதிச் சுற்றுக்கு வந்த ஒருவர் இறந்தார். போட்டி அதோடு நின்றது. மது அருந்திவிட்டு உள்ளே போவது மிகுந்த ஆபத்து. அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், இதய வால்வு சுருங்கியவர்கள், ஓய்விலும் நெஞ்சுவலி வருபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது. கருவுற்ற முதல் மாதங்களில் உடல் மிகையாகச் சூடேறுவது சிசுவின் தண்டுவட வளர்ச்சியைக் கெடுக்கக்கூடும். குழந்தைப் பேற்றுக்குக் காத்திருக்கும் ஆண்களும் சிறிது காலம் தவிர்க்கலாம். அடிக்கடி சூடுபட்டால் விந்தணு குறையும், நிறுத்தினால் மீளும். நீரிழிவால் கால் மரத்தவருக்குச் சூடு தெரியாமலே தோல் வெந்துவிடும். இரத்த அழுத்த மாத்திரை எடுக்கும் முதியவர் சட்டென்று எழுந்தால் தலைசுற்றி விழலாம். குளியலறையின் வழுக்கும் தரையில் அந்த விழுகை இடுப்பெலும்பு முறிவாக முடியும். ஆகவே நீராவிக் குளியல் நடத்துபவர்கள் நச்சு நீங்கும் என்று எழுதிய பலகையைக் கழற்றிவிட்டு, அறைக்குள் இருப்பவர் பார்க்கும்படி ஒரு வெப்பமானியும் கடிகாரமும் மாட்டட்டும். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கதவைத் திறக்குமுன் ஒரு வார்த்தை கேட்கட்டும்.