கையில் காசில்லை என்று காத்திருக்காதீர்கள்!



ராத்திரி பன்னிரண்டு மணி. வீட்டுக்காரருக்கு நெஞ்சை அடைக்கிறது, வேர்த்துக் கொட்டுகிறது. உடனே நம் வாயில் வருவது என்ன? "ஆஸ்பத்திரிக்குப் போனா ஆயிரக்கணக்குல பில்லு வரும். நமக்கு இன்சூரன்சும் இல்ல. விடியட்டும், டிரெஸ்ஸர்கிட்ட காட்டிக்கலாம்." விடியட்டும் என்று இருந்து, விடிவதற்குள் போய்விட்டவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

ஒன்றை நன்றாக மனதில் வையுங்கள். இன்சூரன்ஸ் கார்டைக் கேட்பது தனியார் மருத்துவமனை. அரசாங்க ஆஸ்பத்திரிக்கு உங்கள் நீல அடையாளக் கார்டே போதும். குடிமக்களுக்கு அவசரப் பிரிவில் கட்டணம் 1 வெள்ளி. மூன்றாம் வகுப்பு வார்டில் படுக்கைக்கு நாளொன்றுக்கு 3 வெள்ளி. ஆகவே 999-க்குப் போன் செய்யுங்கள். ஆம்புலன்ஸ் வரத் தாமதமானால் பக்கத்து வீட்டுக் காரில் ஏற்றுங்கள். வாய் கோணி, ஒரு பக்கம் கைகால் விழுந்துவிட்டால் இன்னும் அவசரம். மூளையில் அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக 4½ மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

சரி, உயிர் பிழைத்தாயிற்று. ஆபரேஷன், ஸ்கேன் எல்லாம் சேர்ந்து பில் வருகிறது. கட்ட வழியில்லையா? சொல்லாமல் கொள்ளாமல் வார்டை விட்டு ஓடிவராதீர்கள். நர்சிடம், "மருத்துவ சமூகநலப் பிரிவு எங்கே?" என்று கேளுங்கள். மலாயில் ஜபாத்தான் கெர்ஜா சோசியல் பெருபாத்தான் என்பார்கள். அங்குள்ள அதிகாரி குடும்ப நிலையை விசாரித்து, கட்டணத்தைக் குறைக்கவோ தள்ளுபடி செய்யவோ சிபாரிசு செய்வார். இது பிச்சை அல்ல. ஏழைகளுக்காக வைத்த வழி இது.

கொண்டுபோக வேண்டியவை: குடும்பத்தார் எல்லாருடைய அடையாளக் கார்டு நகல், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, மின்சாரப் பில். எல்லாவற்றையும் இன்றைக்கே ஒரு பையில் போட்டு வையுங்கள்.

இதயத்துக்கு வைக்கும் கருவி போன்றவற்றை நோயாளியே வாங்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால், கடன் வாங்க ஓடாதீர்கள். சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதி 2005 முதல் இருக்கிறது. அதே சமூகநலப் பிரிவு வழியாக, பொருளை வாங்கும் முன்பே மனுப் போடுங்கள். அரசாங்க உதவித் தொகையான எஸ்.டி.ஆர். பெறும் 40 வயதுக்கு மேற்பட்டோருக்கு, 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்திலும் கருவிகளுக்கு 20,000 வெள்ளி வரை உதவி உண்டு.

வேலையில் அடிபட்டால் கதையே வேறு. "வீட்டுல வழுக்கி விழுந்தேன்னு சொல்லிடுப்பா" என்று மண்டோர் சொன்னால் தலையாட்டாதீர்கள்! அப்படிச் சொன்னால் சொக்சோ கைவிட்டுப் போகும். வேலை விபத்தானால் சிகிச்சைச் செலவு சொக்சோவைச் சேர்ந்தது. குறைந்தது 4 நாள் மருத்துவ விடுப்பு கிடைத்தால் சராசரி நாட்சம்பளத்தில் 80 விழுக்காடும் வரும். நிர்வாகம் 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு.

கடைசியாக ஒரு வேதனை. குடியுரிமைப் பத்திரம் இல்லாதவர்கள் வெளிநாட்டவர் கட்டணம் கட்ட நேர்கிறது. 2014-ஆம் ஆண்டுக் கட்டண உத்தரவின்படி அது பல மடங்கு அதிகம். அதற்காக நோயாளியை லயத்தில் முடக்கி வைக்காதீர்கள். முதலில் கொண்டுபோங்கள், பிறகு சமூகநலப் பிரிவில் நிலைமையைச் சொல்லுங்கள். பிறந்த பிள்ளையைத் தாமதிக்காமல் பதியுங்கள். இன்றைய அலட்சியம், நாளை அந்தப் பிள்ளையின் ஆஸ்பத்திரிப் பில்!

மனு எழுதத் தெரியவில்லையா? சங்கக் கிளைச் செயலாளரைப் பாருங்கள். காசைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். போன உயிர் திரும்பாது, தோழர்களே!