இயற்கை உணவு சாப்பிட்டாலும் சர்க்கரைப் பரிசோதனை வேணும்

மயிலாப்பூரில் நம் அரிசியும் கருப்பட்டியும் வாங்க வருகிறவர்களில் கர்ப்பிணிப் பெண்களும் உண்டு. "இதைச் சாப்பிட்டால் சர்க்கரை வராதில்லையா?" என்று கேட்பார்கள். "வராது" என்று நம்மில் சிலர் சொல்லியும் விடுகிறோம். அது சரியில்லைங்க.

கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. பெரும்பாலான பெண்களின் உடம்பு கூடுதலாக இன்சுலினைச் சுரந்து சமாளித்துவிடும். முடியாதவர்களுக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறும். அந்தச் சர்க்கரை குழந்தைக்கும் போகும். தாயின் இன்சுலின் போகாது. அதனால் குழந்தையின் கணையமே அதிக இன்சுலின் சுரக்க, குழந்தை அளவுக்கு மீறிப் பருக்கும். பிரசவம் சிக்கலாகலாம், பிறந்ததும் குழந்தைக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். தாய்க்கு வெளியில் ஓர் அறிகுறியும் தெரியாமல் இருக்கலாம். பரிசோதனை செய்தால்தான் தெரியும்.

இதற்கு எளிய வழி காட்டியவர் நம்ம சென்னை டாக்டர் வி. சேஷையா. 2022இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவர் பிறந்த நாளான மார்ச் 10, கர்ப்ப கால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக நாடு முழுவதும் கடைப்பிடிக்கப்படுகிறது. வெறும் வயிற்றோடு கர்ப்பிணிகளை வரச் சொன்னால், தூரத்துக் கிராமத்திலிருந்து எத்தனை பேர் வர முடியும்? சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை என்பதுதான் அவர் முன்வைத்த முறை. மத்திய அரசின் வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது.

75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்து, 5 முதல் 10 நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். 2 மணி நேரம் கழித்து ரத்தப் பரிசோதனை. டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்ப கால நீரிழிவு. குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் மறுநாள் திரும்பச் செய்யணும்.

வங்கிக் கணக்கை ஒரு தடவை பார்த்துவிட்டு மூடி வைப்பதில்லையே, அதுபோல இதையும் இரண்டு தடவை பார்க்கணும். கர்ப்பம் தெரிந்து முதல் தடவை மருத்துவமனைக்குப் போகும்போது ஒன்று. அதில் சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொன்று. முதலில் சரியாக இருந்தது பிறகு ஏறலாம். நஞ்சுக்கொடி வளர வளர ஹார்மோனும் கூடும்.

சர்க்கரை இருப்பது தெரிந்தால் பயப்பட வேண்டாம். முதலில் உணவுத் திட்டம், மருத்துவர் அனுமதித்த நடைப்பயிற்சி. இரண்டு வாரம் கழித்து, சாப்பிட்ட 2 மணி நேரத்தில் 120க்குக் கீழே வராவிட்டால் மாத்திரையோ இன்சுலினோ தருவார்கள். அதை நாமாக நிறுத்தக்கூடாது.

நம் விளைபொருளுக்கு இங்கே நல்ல இடம் இருக்கிறது. கீரை, பயறு, காய்கறி, மோர் தாராளமாகக் கொடுக்கலாம். கைக்குத்தல் அரிசியில் நார்ச்சத்து கூடுதல். ஆனால் அதுவும் மாவுச்சத்துதான், அளவு வேணும். கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் மூன்றுமே ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். பட்டினி மட்டும் கூடவே கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துச் சாப்பிடணும்.

குழந்தை பிறந்து 6 வாரத்தில் தாய்க்கு மறுபடி பரிசோதனை அவசியம். இவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், பிறகு ஆண்டுதோறும் பார்த்துக்கொள்வது நல்லது.

உங்கள் வீட்டிலோ, வயலில் வேலை செய்பவர்கள் வீட்டிலோ கர்ப்பிணி இருந்தால், கிராம சுகாதார செவிலியரிடம் இந்த வாரமே கேளுங்கள். அரை நாள் வேலை போனாலும் பரவாயில்லை, அனுப்பி வையுங்கள்.