நாய் தெரிந்தெடுத்த மூலை

கச்சான் காற்று அனலாக அடிக்கும் ஆடி மாதத்து நண்பகலில் திருக்கடலூர்க் கரையில் ஆள் நடமாட்டம் குறைவு. மணலில் வெறுங்கால் வைக்க முடியாது. ஆனால் கரையேற்றி வைத்திருக்கும் படகுகளின் அடியில் குனிந்து பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாய்கள் கிடக்கும். சும்மா கிடக்காது. சுடுகிற மேல்மணலை முன்னங்கால்களால் வாரித் தள்ளி, ஈரம் தட்டும் ஆழத்துக்குக் குழி பறித்து, அதற்குள் வயிறு பதியப் படுத்திருக்கும். வெயில் சரியச் சரிய அதுவும் படகின் மறுபக்கத்துக்கு மாறிவிடும். மார்கழியில் வாடை மழை பிடித்துக்கொண்டால் அதே நாயைக் கடைத்தெரு விறாந்தையொன்றில், சாரல் எட்டாத மூலையில் காணலாம்.

“நாய்க்கு ஏன் படுக்கை? அது எங்க வேணுமெண்டாலும் கிடக்கும்” என்று திருகோணமலையில் பலரும் சொல்வதுண்டு. எங்கு வேண்டுமானாலும் கிடக்கிற நாய் ஒன்றை இன்னும் யாரும் கண்டதில்லை. நிழல், ஈரம், காற்று, ஆள் வரும் வழி எல்லாவற்றையும் கணக்குப் பார்த்துத்தான் அது உடம்பைக் கீழே போடுகிறது.

இந்தக் கணக்கை ஆராய்ந்தவர்கள் கடலுக்கு அப்பால், மேற்கு வங்கத்தில் இருக்கிறார்கள். கொல்கத்தா இந்திய அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த அனிந்திதா பத்ராவின் குழு பல ஆண்டுகளாகத் தெரு நாய்களைத் தெருவிலேயே பின்தொடர்ந்து பதிவு செய்கிறது. நாய்கள் குட்டி போடத் தெரிந்தெடுத்த 148 இடங்களை ஆராய்ந்து 2016இல் அவர்கள் வெளியிட்ட முடிவு சற்று வியப்பானது. ஆளில்லாத பற்றைகளைத் தாய் நாய்கள் பெரிதாக நாடவில்லை. மனிதர் புழங்கும் இடங்களை ஒட்டியே குட்டிகளை வைத்தன. அதே குழு 364 குட்டிகளைக் கண்காணித்த இன்னோர் ஆய்வில், ஏழு மாத வயதுவரை உயிர் தப்பியவை நூற்றுக்கு 19 மட்டுமே. இறந்தவற்றில் பெரும்பங்குக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ மனிதரே காரணம். நம்மால் சாகிறது, ஆனாலும் நம் பக்கத்தில்தான் படுக்கிறது.

ஆகவே வீட்டு நாய்க்கு இடம் ஒதுக்க நினைப்பவர் கடைக்குப் போவதற்கு முன் இரண்டு மூன்று நாள் தன் வளவையே பார்த்துக்கொண்டிருப்பது நல்லது. உவர்மலையில் மேட்டு வீடாக இருந்தாலும் சரி, மட்கோவில் ஒழுங்கைக்குள் ஒடுங்கிய வீடாக இருந்தாலும் சரி, நாய் ஏற்கெனவே ஓர் இடத்தைத் தெரிந்தெடுத்திருக்கும். அநேகமாக அது குசினிக் கதவுக்கும் முன் விறாந்தைக்கும் இடையில், சுவரில் முதுகு படும்படியாக, படலையும் தெரியும் வீட்டுக்காரரும் தெரியும் ஒரு மூலையாக இருக்கும். நாம் தடுக்கி விழுகிற இடமும் அதுதான். அங்கிருந்து ஓரிரு அடி நகர்த்திப் படுக்கையைப் போட்டால் வேலை பாதி முடிந்தது. வளவின் பின்கோடியில், தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் அழகான கூடு கட்டிக் கொடுத்துவிட்டு, “போகுதில்லையே” என்று குறைப்படுவதில் நியாயமில்லை.

எதைப் போடுவது? இங்கேதான் ஊரின் வெக்கை குறுக்கே வருகிறது. நாய் நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. அதற்கு வியர்வைச் சுரப்பிகள் பாதத்தின் அடியில்தான் வேலை செய்கின்றன. மிச்சச் சூட்டை நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் வெளியேற்ற வேண்டும். குளிர்நாட்டு நாய்க்கென்று செய்த பஞ்சு மெத்தையைப் பணம் கொடுத்து வாங்கிப் போட்டால், அது மெத்தையைத் தாண்டிப்போய் வெறும் சீமெந்துத் தரையில் படுப்பது நன்றியில்லாமையால் அல்ல. சீமெந்து சூட்டை உறிஞ்சுகிறது. பஞ்சு அதைத் திருப்பிக் கொடுக்கிறது.

நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் நாலு கால் வைத்த மரச்சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிய படங்குத் துண்டு. திருகோணமலைக்கு இதைவிடப் பொருத்தமான நாய்க்கட்டில் இல்லை. கீழால் காற்று ஓடும், மழைக்காலத்தில் தரை ஈரம் ஏறாது, எறும்பும் எளிதில் வராது. மீன்பிடி ஊரில் பழைய வலைக்குப் பஞ்சமில்லைதான், ஆனாலும் வலையைக் கட்டக்கூடாது; கண்ணிக்குள் நகம் சிக்கும். கிழட்டு நாய்க்கும் எலும்பு துருத்திய நாய்க்கும் படங்கின்மேல் மடித்த சாக்கு ஒன்று வேண்டும். கடினமான தரையில் நெடுநாள் படுத்தால் முழங்கை தோல் தடித்து, சிலவேளை நீர் கோத்து வீங்கும். வாரம் ஒருமுறை சாக்கை உதறி வெயிலில் காயப்போடுவது முக்கியம். கட்டிலைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் கொஞ்சம் தள்ளி வைப்பதும் அப்படியே. இரத்தம் குடித்து முடித்த பெண் உண்ணி நாயைவிட்டு இறங்கி, சுவர் வெடிப்புக்குள் புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயை எத்தனை தரம் குளிப்பாட்டினாலும் படுக்கையைக் கவனிக்காத வீட்டில் உண்ணி தீராததற்குக் காரணம் இதுதான்.

படுக்குமுன் நாய் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். சார்ள்ஸ் டார்வினும் பார்த்தார். 1872இல் உணர்ச்சி வெளிப்பாடுகளைப் பற்றி எழுதிய நூலில், புல்லை மிதித்துச் சமப்படுத்திய காட்டு மூதாதையரின் பழக்கம் இப்போது வெறும் கம்பளத்தின்மேலும் தொடர்கிறது என்று விளக்கம் சொன்னார்.

படுத்த நாய் நாம் நினைப்பதுபோல் தூங்குவதுமில்லை. அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1990களின் தொடக்கத்தில் நாய்களின் இரவை அளந்தபோது, சராசரியாகப் பதினாறு நிமிடத் தூக்கம், ஐந்து நிமிட விழிப்பு என்று மாறி மாறி ஓடுவதைக் கண்டார்கள். எட்டு மணி நேர இரவுக்கு இருபதுக்கு மேற்பட்ட தடவை விழிப்பு. காவல் காக்க இது நல்ல அமைப்பு. ஆனால் படலையடியில், போகிற வருகிற முச்சக்கர வண்டிக்கெல்லாம் எழும்ப வேண்டிய இடத்தில் கட்டிப்போட்ட நாய்க்கு அந்தப் பதினாறு நிமிடமும் முழுதாகக் கிடைப்பதில்லை. தூக்கம் படிப்போடும் தொடர்புடையது. புடாபெஸ்டில் ஹங்கேரிய மொழி கேட்டு வளர்ந்த நாய்களுக்கு ‘இரு’, ‘படு’ என்பவற்றை ஆங்கிலத்தில் கற்றுக்கொடுத்து, பிறகு தூங்கவிட்டு, மூளை அலைகளைப் பதிந்தார்கள். படித்த பிறகு தூங்கிய தூக்கத்தின் அலைகள் படிக்காத நாளின் அலைகளிலிருந்து வேறுபட்டிருந்தன. இந்த முடிவு 2017இல் வெளியானது.

இனிப் பழக்குவது.

கடற்படை ஊரான திருகோணமலைக்கு ஒரு கடற்படை நாயின் கதை பொருந்தும். இந்தியப் பெருங்கடலைக் காத்த பிரித்தானியக் கப்பல்கள் திருகோணமலையில் தரித்த அதே காலத்தில், தென்னாபிரிக்காவின் சைமன்ஸ் டவுன் தளத்தில் ஒரு பெரிய கிரேட் டேன் நாய் திரிந்தது. கப்பலில் ஏறும் பலகையின் தலைப்பில் குறுக்கே படுப்பதுதான் அதற்குப் பிடித்த வேலை. போவோர் வருவோர் திட்டித் திட்டி அதன் பெயரே ‘நியூசன்ஸ்’, அதாவது தொல்லை, என்றாகிவிட்டது. மாலுமிகளோடு ரயிலில் பயணச்சீட்டு இல்லாமல் ஏறியதால் சிக்கல் வந்தபோது, 1939இல் கடற்படையில் அதை முறைப்படி மாலுமியாகவே சேர்த்துவிட்டார்கள். ‘ஜஸ்ட் நியூசன்ஸ்’ என்ற பெயரில் அதற்கு ஒரு நடத்தைப் பதிவேடும் இருந்தது. அதிலுள்ள குற்றங்களில் ஒன்று, தகாத இடத்தில், அதாவது மேல்நிலை மாலுமிகளின் தங்கும் அறைக் கட்டிலில், தூங்கியது. தண்டனை: ஏழு நாளுக்கு எலும்பு கிடையாது.

எழுதியவர்கள் சிரித்துக்கொண்டே எழுதியிருப்பார்கள். ஆனால் நம் வீடுகளில் பலர் இதையே சிரிக்காமல் செய்கிறார்கள். மத்தியானம் செருப்பைக் கடித்த நாய்க்குப் பின்னேரம் வேலையால் வந்து அடி விழுகிறது. நாயைப் பொறுத்தவரை அந்த அடி, மணிக்கணக்குக்கு முந்திய செருப்போடு ஒட்டாது; வீட்டுக்கு வந்த மனிதரோடுதான் ஒட்டும். “செய்த பிழை அதுக்குத் தெரியும், மூஞ்சியைப் பாருங்கோ” என்பார்கள். நியூயோர்க்கின் பார்னார்ட் கல்லூரியைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009இல் இந்த மூஞ்சியைச் சோதித்தார். தின்னக்கூடாதென்று சொன்ன தீனியை நாய் தின்றதா இல்லையா என்பதில் வளர்ப்பவரையே ஏமாற்றி, அவர் நாயைத் திட்டும்போது படம் பிடித்தார். தின்னாத நாயும் திட்டு விழுந்ததும் காதை மடித்து, கண்ணை வேறுபக்கம் திருப்பி, ‘குற்றவாளி’ முகம் காட்டியது. அந்த முகத்தில் இருப்பது நம் கோபத்தின் நிழல்.

இன்னொரு பயம், கட்டிலில் ஏற்றினால் நாய் தலைமைக்கு வந்துவிடும் என்பது. இதன் வேர் 1947இல் பாசல் விலங்குக்காட்சிச் சாலையில் அடைபட்ட ஓநாய்களை ருடோல்ஃப் ஷென்கல் பார்த்து எழுதியது. உறவில்லாத ஓநாய்களை ஒரே அடைப்பில் போட்டால் சண்டை வரத்தானே செய்யும். ‘தலைமை ஓநாய்’ என்ற சொல்லைத் தன் 1970ஆம் ஆண்டு நூலால் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மெக், காட்டு ஓநாய்க் கூட்டத்தைப் பல கோடைகாலம் நேரில் பார்த்தபின், அது தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட குடும்பமே என்று 1999இல் திருத்தி எழுதினார். கட்டிலில் ஏற்றுவதும் ஏற்றாததும் வீட்டுக்காரரின் வசதி. மணலும் உண்ணியும் பிடிக்காதவர் ஏற்றாமல் இருக்கலாம். மகுடம் பறிபோகும் என்று பயப்படத் தேவையில்லை.

பிறகு எப்படி அதன் இடத்துக்குப் போகப் பழக்குவது? 1898இல் எட்வர்ட் தோர்ண்டைக் பூனைகளை அடைப்புப் பெட்டிகளில் விட்டுக் கண்டறிந்ததுதான் அடிப்படை: நல்ல பலன் தந்த செயல் திரும்ப நடக்கும். பி. எஃப். ஸ்கின்னர் 1951இல் பொதுவாசகருக்கு எழுதிய கட்டுரையொன்றில், அமுக்கினால் ‘டிக்’ என்னும் தகர விளையாட்டுப் பொருளை வைத்து நாயைப் பழக்கும் வழியைச் சொன்னார். சரியான அசைவு நடந்த அந்தக் கணத்தில் ஒலி; ஒலியைத் தொடர்ந்து தீனி. ஒலி எதற்கென்றால், தீனியைக் கையில் எடுப்பதற்குள் நாய் வேறு இரண்டு காரியம் செய்துவிடும். தகரப் பொருள் தேட வேண்டாம். நாக்கைச் சொடுக்கினாலும் போதும், எப்போதும் ஒரேமாதிரி இருந்தால் சரி.

நாய் தற்செயலாகச் சாக்கில் கால் வைக்கிறது: சொடுக்கு, தீனி. இரண்டாம் நாள் நாலு காலும் ஏறினால்தான் தீனி. பிறகு படுத்தால்தான். அது தானாகவே ஓடிப்போய்ப் படுக்கத் தொடங்கிய பிறகுதான் “உன்ர இடத்துக்குப் போ” என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். பலர் சொல்லிலிருந்து தொடங்குகிறார்கள். தெரியாத மொழியில் கத்துவதற்கும் அதற்கும் வேறுபாடில்லை. அடுத்தது நேரத்தைக் கூட்டுவது, மூன்று விநாடி, பத்து விநாடி, ஒரு நிமிடம். கடைசியில்தான் சோதனை: மீன்காரரின் சைக்கிள் படலையில் நிற்கும்போது படுத்திருக்குமா? அதற்குத் தீனியும் தரமாக வேண்டும். முள் எடுத்த அவித்த மீன், விரல் நகத்தளவு. கருவாடு என்றால் நாய்க்கு உயிர்தான், ஆனால் அதிலுள்ள உப்பு உதவாது. குழம்பில் கிடந்த துண்டும் வேண்டாம்; வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். தீனி இல்லாதபோது தடவிக்கொடுப்பதும் கூலிதான். முன்பின் தெரியாத மனிதர் திரும்பத் திரும்ப வந்தபோது, தெரு நாய்களின் நம்பிக்கையைத் தீனியைவிடத் தடவலே கூடுதலாகப் பெற்றது என்று கொல்கத்தாக் குழு 2017இல் எழுதியது.

அடித்தும் பழக்கலாமே என்றால், பழக்கலாம். அதன் விலையைப் போர்த்துக்கலின் போர்ட்டோவில் 92 வளர்ப்பு நாய்களை வைத்து அளந்தார்கள். அதட்டியும் இழுத்தும் பழக்கும் பள்ளிகளின் நாய்களுக்குப் பயிற்சிக்குப் பின் எச்சிலில் மன அழுத்த இயக்குநீர் கூடியிருந்தது. பதற்ற அசைவுகளும் அதிகம். இந்த முடிவு 2020இல் வெளியானது. அடிக்குப் பயந்து படுக்கைக்குப் போகும் நாய், அடிப்பவர் இல்லாத வேளையில் படலையைத் தாண்டும்.

படலையைத் தாண்டுவது ஊருக்கும் பிரச்சினை. பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் திரியும் புள்ளிமான்களைத் துரத்தும் நாய்கள் எல்லாம் கட்டாக்காலி என்று சொல்லிவிட முடியாது. பகலில் சங்கிலி, இரவில் அவிழ்ப்பு என்று வளர்கிற வீட்டு நாய்களும் தெருவுக்குத்தான் வருகின்றன. இலங்கையில் விசர்நாய்க்கடிச் சட்டம் 1893இலும், நாய்களைப் பதிவு செய்யும் சட்டம் 1901இலும் வந்தன. 1973இல் 350 பேருக்கு மேல் விசர்நாய்க்கடியால் இறந்த நாட்டில், அண்மைக் காலத்தில் அது ஆண்டுக்கு இருபது, முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. நாய்களுக்குப் பெருமளவில் தடுப்பூசி போட்டது இதற்கு ஒரு முக்கிய காரணம். ஊசி போட வருகிறவர் கையில் அடங்கி நிற்கும் நாயும், சாக்கில் படுக்கப் பழகிய நாயும் பெரும்பாலும் ஒன்றுதான்.

தீபாவளி இங்கே மழையின் தொடக்கத்தோடு வருகிறது. ஒருபக்கம் கடலுக்கு மேல் இடி, மறுபக்கம் ஒழுங்கையில் சீனவெடி. வேறு இடம் தெரியாத நாய் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடி, மறுநாள் சீனக்குடாப் பக்கம் யாரோ கண்டதாகச் செய்தி வரும். தன் இடம் தெரிந்த நாய் சாக்கை முகத்தால் புரட்டி, இரண்டு சுற்றுச் சுற்றி, மூலைக்குள் ஒடுங்கும். அந்த வேளையில் அதைப் பிள்ளைகள் வெளியே இழுக்காமல் பார்த்துக்கொண்டு, விறாந்தை விளக்கை அணைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தால் போதும்.