அடைபட்ட காற்று

காற்றைக் கண்டு நாம் அஞ்சுவதில்லை. ஆயினும் எஞ்சின் கொண்டு அதனை அமுக்கி இரும்புத் தொட்டியில் அடைத்துவிட்டால் அதன் குணமே வேறாகிவிடுகின்றது. சதுர அங்குலத்திற்கு 100 ராத்தல் அழுத்தமென்பது பட்டறைகளிற் சாதாரணம். 20 அங்குல விட்டமுள்ள தொட்டியின் முனைத் தகட்டை அக்காற்று ஏறக்குறைய 14 டன் பலத்தோடு தள்ளிக்கொண்டிருக்கின்றது.

இத்தொட்டியைச் சோதிப்போர் அதில் நீரை நிரப்பி அழுத்துவதேன்? நீர் எளிதில் அமுங்காது. ஆகையால் தகடு பிளந்தாலும் சிறிது நீர் பீறிட்டதும் அழுத்தம் அடங்கிவிடும். காற்றோ, அமுக்கிய சுருள்வில்லைப்போல வலியைச் சேமித்து வைத்திருந்து, ஒரே கணத்தில் அனைத்தையும் வெளியிட்டுத் தகட்டைச் சிதறடிக்கும். காற்றின் ஈரம் அடியில் நீராய்த் தங்கி உட்புறத்தைத் துருப்பிடிக்கச் செய்வதால், நாடோறும் அடிக்குழாயைத் திறந்து அதனை வடித்தல் வேண்டும். அழுத்தம் நீங்காத தொட்டியின் ஓட்டையைப் பற்றவைக்கத் துணிவது அறிவீனம். காப்பு வால்வைக் கட்டிவைப்பதும் அத்தகையதே. உடையிலுள்ள தூசியை அக்காற்றினால் ஊதும் வழக்கமும் நம்மவரிடை உண்டு. அது தோலைத் துளைத்து இரத்தத்திற் புகவுங்கூடும்.

வெல்டிங் மின்னாக்கியை ஓட்டும் எஞ்சின் உமிழும் புகை வேறொரு பகை. அதிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்தோடு அது பிராணவாயுவைவிட 200 மடங்கிற்கு மேலாகப் பற்றுக்கொள்வது. மழைக்கு அஞ்சி எஞ்சினைக் கொட்டகைக்குள் வைத்துக் கதவைச் சாத்துவோர்க்குத் தலைவலியும் தள்ளாட்டமுமே முன்னறிவிப்பு. மயங்கியபின் எழுந்து வெளியேற இயலாது. ஆதலின் எஞ்சினை வெளியே, அதன் புகை சன்னல்களை நோக்காதபடி நிறுத்தி, நீண்ட கேபிளை மட்டும் உள்ளே கொண்டுசெல்லுமாறு நம் மாணவரைக் கேட்டுக்கொள்ளுகின்றோம்.