கடைசி சீட்டுக்கு ஆகும் பெட்ரோல்

பாலவனத்தத்தில் ஏழு சீட் வண்டி வாங்கப் போகிறேன் என்று ஒருவர் வாயைத் திறந்தால், என்ன வண்டி என்று கேட்பதற்கு முன்பே "லிட்டருக்கு எவ்வளவு குடுக்குமாம்?" என்ற கேள்வி வந்துவிடும். நியாயமான கேள்வி மாதிரித்தான் தெரிகிறது. ஆனால் மூன்று வரிசை வண்டி விஷயத்தில் இந்தக் கேள்விதான் ஆளைத் தப்பான ஷோரூமுக்குக் கூட்டிப் போகிறது. கேட்க வேண்டியவை வேறு: வருஷத்துக்கு மொத்தம் எத்தனை லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கும்? அந்தப் பெட்ரோலில் எத்தனை பேர் போய் வருவார்கள்? இரண்டுக்கும் பேப்பரில் கணக்குப் போட்டால், அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் பல வீடுகளுக்கு மூன்றாம் வரிசையே வேண்டியதில்லை என்று தெரியவரும். வேண்டியிருக்கிற வீடுகளுக்கு எடை குறைந்த சாதாரண பெட்ரோல் வண்டி போதும்; மைலேஜுக்காக லட்சக்கணக்கில் கூடக் கொடுப்பது வீண்.

முதலில் அந்த ‘லிட்டருக்கு எவ்வளவு’ எப்படி ஏமாற்றுகிறது என்று பார்க்கலாம். ஆயிரம் கிலோமீட்டர் ஓட, லிட்டருக்கு 10 கொடுக்கும் வண்டிக்கு 100 லிட்டர் ஆகும். 15 கொடுக்கும் வண்டிக்கு 67, 20 கொடுப்பதற்கு 50, 25 கொடுப்பதற்கு 40. பத்திலிருந்து பதினைந்துக்கு மாறினால் 33 லிட்டர் மிச்சம். இருபதிலிருந்து இருபத்தைந்துக்கு மாறினால் மிச்சம் வெறும் 10 லிட்டர். இரண்டு இடத்திலும் கூடியது அதே ஐந்துதான், ஆனால் பலன் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் இருவரும் 2008-ல் ‘சயின்ஸ்’ இதழில் இதைத்தான் எடுத்துக் காட்டினார்கள்: மைலேஜ் எண்ணை வைத்துப் பார்க்கும்போது படித்தவர்கள்கூட மிச்சத்தைத் தப்பாகவே மதிப்பிடுகிறார்கள். ஐரோப்பாவில் நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று திருப்பிச் சொல்வார்கள். அந்தப் பேச்சில் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. பத்து பதினொன்று கொடுக்கும் பழைய வண்டியை வைத்திருப்பவர் இன்றைய பெட்ரோல் வண்டி எதற்கு மாறினாலும் பெரிய லாபம். அங்கிருந்து மேலே ஏற ஏறச் செலவு கூடிக்கொண்டே போகும், மிச்சம் குறைந்துகொண்டே வரும்.

அடுத்தது, விளம்பரத்தில் போடுகிற எண். மாருதி எர்டிகா மேனுவலுக்கு 20.51 என்கிறார்கள், டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட்டுக்கு 23.24. பொய் இல்லை. ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் உருளைகள்மேல் வண்டியை நிறுத்தி, சில நிமிடம், 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல், ஏசியை அணைத்து வைத்து எடுத்த எண். ஏழு பேரை ஏற்றி அளப்பதும் கிடையாது. பங்குனி பிறந்தால் ஏசி இல்லாமல் கண்ணாடியைக்கூட ஏற்ற முடியாத கரிசல் காட்டில் இந்த எண்ணுக்கு என்ன மரியாதை? மதுரை–தூத்துக்குடி நால்வழிச் சாலையில் 80-லிருந்து 100-க்கு ஏறினால் காற்றின் எதிர்ப்பு மட்டுமே ஒன்றரை மடங்குக்குமேல் ஆகிவிடும். போதாததற்கு இப்போது பம்பில் வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் சக்தி குறைவு. பழைய பெட்ரோலுக்கென்று தயாரித்த கார்களில் இந்தக் கலப்பால் ஆறு ஏழு விழுக்காடு மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. அதனால் கீழே வரும் கணக்குகளில் எர்டிகா ரக வண்டிக்கு லிட்டருக்கு 15 என்றும், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றும் வைத்துக்கொள்கிறேன். வலது கால் கனமானவர்கள் இன்னும் ஒன்றிரண்டைக் குறைத்துக்கொள்ளலாம்.

இனி பாலவனத்தத்துக்கு வருவோம். விருதுநகர்–அருப்புக்கோட்டை ரோட்டில் இருக்கிற ஊர். இரண்டு டவுனும் ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில். அன்றாட ஓட்டம் இந்த இரண்டுக்கும்தான்: பேங்க், பள்ளிக்கூடம், உரக்கடை, கமிஷன் கடை. அப்போது வண்டியில் இருப்பது ஒருவர், மிஞ்சினால் இருவர். மூன்று வரிசையும் நிரம்புகிற நாள்கள் வேறு. மாசிக் களரிக்குக் குலதெய்வம் கோயில், ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி, யாராவது வீட்டுக் காதுகுத்து, வளைகாப்பு, மதுரை ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கக் குடும்பத்தோடு போவது. ஏழு பேர் ஏறி லிட்டருக்கு 14 கொடுத்தால் நூறு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 7 லிட்டர். தலைக்கு ஒரு லிட்டர். இதைவிடச் சிக்கனமாகப் போக வேண்டுமென்றால் பஸ்ஸில்தான் போக வேண்டும். இரண்டு சின்னக் காரில் பிரிந்து போனால்கூட 10 லிட்டருக்குக் குறையாது. ஆனால் அதே வண்டியில் ஒருவர் மட்டும் அருப்புக்கோட்டைக்குப் போனால், நூறு கிலோமீட்டருக்கு 6.7 லிட்டரும் அவர் ஒருவர் கணக்கில். பைக்கில் போனால் அதே தூரத்துக்கு இரண்டு லிட்டர் போதும். ஆக, ஒரே வண்டி ஒரு நாள் ஊரிலேயே சிக்கனமானதாகவும் மறுநாள் பெரும் ஊதாரியாகவும் இருக்கிறது. எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அப்படியானால் எத்தனை நாள் நிரம்பினால் வாங்கலாம்? வருஷம் 12,000 கிலோமீட்டர் ஓட்டம் என்று கொள்வோம். லிட்டருக்கு 18 கொடுக்கும் சின்னக் காருக்கு 667 லிட்டர், எர்டிகாவுக்கு 800. வித்தியாசம் 133 லிட்டர், 13,300 ரூபாய். வாங்கும் விலையில் நாலு லட்சம் கூட என்றால், அந்தப் பணத்தை ஆறரை விழுக்காட்டில் பேங்கில் போட்டால் வருகிற வட்டி 26,000. இரண்டும் சேர்ந்து வருஷத்துக்கு 39,300 ரூபாய். இது கடைசி சீட்டுக்கு நாம் கட்டுகிற வாடகை. தேவைப்படுகிற நாளில் வேனோ இன்னோவாவோ பிடித்தால் 5,000 ரூபாய் ஆகிறதென்றும், சொந்த வண்டியிலேயே போனாலும் பெட்ரோலுக்கும் டோலுக்கும் 1,500 ஆகுமென்றும் வைத்தால், ஒரு நடைக்கு மிச்சம் 3,500. 39,300 ரூபாய் வாடகையை ஈடுகட்டப் பதினோரு நடைக்குச் சற்று மேல் வேண்டும். மாதம் ஒரு முறைக்குக் கொஞ்சம் குறைவு. இந்தத் தொகைகளை உங்கள் ஊர் நிலவரத்துக்கு மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். முடிவு பெரிதாக மாறாது. மாதத்தில் ஒரு நாளாவது ஆறேழு பேர் சேர்ந்து கிளம்பாத வீட்டுக்கு மூன்றாம் வரிசை நட்டம். ஒன்று மட்டும்: வாடகைக்கு எடுக்கிறபோது மஞ்சள் போர்டு வண்டியாக எடுங்கள். தெரிந்தவருடைய ஓன் போர்டு வண்டியைக் காசு கொடுத்துப் பிடித்துப் போய் வழியில் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ்காரர் கையை விரித்துவிடுவார்.

"ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சுவலின்னா வேனைத் தேடவா முடியும்?" என்று கேட்பார்கள். முடியாதுதான். ஆனால் அந்த நேரத்துக்கு ஐந்து சீட் காரும் 108-ம் போதும். ஏழு பேரும் கூடவே ஏற வேண்டியதில்லை. கௌரவம் என்பது வேறு விஷயம். சம்பந்தி வீட்டு வாசலில் பெரிய வண்டி நிற்பதற்கு ஒரு விலை உண்டு, அதைக் கொடுக்க மனசிருந்தால் கொடுக்கலாம். அதை மைலேஜ் கணக்கில் எழுதாமலிருந்தால் சரி.

மாதம் இரண்டு மூன்று முறை நிரம்புகிற கூட்டுக் குடும்பங்கள் இங்கே இன்னும் நிறைய. அவர்களுக்கு எது? 2012-ல் வந்த எர்டிகாவும், அதையே டொயோட்டா பெயரில் விற்கிற ரூமியனும் எடை குறைந்தவை, ஆள் இல்லாதபோது 1,200 கிலோவுக்குள். மைலேஜின் பாதி ரகசியம் இந்த எடைதான். வண்டியில் இருக்கும் ‘ஸ்மார்ட் ஹைபிரிட்’ என்ற எழுத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். சின்ன பேட்டரி எஞ்சினுக்குக் கைகொடுப்பதோடு சரி. 2019-ல் வந்த ரெனோ டிரைபர் இன்னும் சின்னது, நாலு மீட்டருக்குள். எஞ்சின் ஒரு லிட்டர்கூட முழுதாக இல்லை, 999 சிசி. அதனால் 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு அதற்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு; எர்டிகாவுக்கு 40. டிரைபரின் கடைசி சீட்டுகளைக் கழற்றி வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போகலாம் என்பது இந்தக் கட்டுரையின் கணக்குக்கு மிகவும் பிடித்த வசதி. குறை என்னவென்றால் 72 குதிரைசக்தி எஞ்சின் ஏழு பேரோடு நால்வழிச் சாலையில் லாரியை முந்த மூச்சு வாங்கும். நம் பக்கம் சமதரை என்பதால் சமாளிக்கலாம், கொடைக்கானலுக்கு வேண்டாம்.

ஏழு பேர் ஏறினபின் பெட்டி படுக்கை எங்கே போகும் என்பதை ஷோரூமில் யாரும் கேட்பதில்லை. கடைசி சீட்டுக்குப் பின்னால் டிரைபரில் 84 லிட்டர் இடம்: நாலு தண்ணி கேன். எர்டிகாவில் 209 லிட்டர், பத்து கேன். பொங்கல் பானை, விறகு, கோழி, மாற்றுத் துணி என்று குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்புகிறவர்களுக்கு இது எம்மாத்திரம்? மிச்சத்தைக் கேரியரில் கட்டுவார்கள். கட்டினால் நெடுஞ்சாலை வேகத்தில் பத்து விழுக்காட்டுக்குமேல்கூட மைலேஜ் போகும், எவ்வளவு நல்ல எஞ்சினானாலும். சிஎன்ஜி எர்டிகாவில் அந்தப் பின்னிடத்தையும் சிலிண்டர் பிடித்துக்கொள்கிறது. கிலோவுக்கு 26.11 என்ற எண் ஆசையைக் கிளப்பும். நீங்கள் அன்றாடம் போகிற வழியில் பங்க் இருக்கிறதா, வரிசை எவ்வளவு என்று பார்த்துவிட்டு ஆசைப்படலாம்.

டீசல்தான் கிராமத்துக்கு லாயக்கு என்ற நம்பிக்கை 2020 ஏப்ரலோடு காலாவதியாகிவிட்டது. அன்றிலிருந்து வந்த பிஎஸ்-6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. சேர்ந்த கரியை எரித்துத் தள்ள, வண்டி நல்ல வேகத்தில் கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓட வேண்டும். பாலவனத்தத்திலிருந்து அருப்புக்கோட்டை பத்து கிலோமீட்டர். எஞ்சின் சூடேறுவதற்குள் கடை வந்துவிடும். இதையே தினமும் செய்தால் வடிகட்டி அடைத்து எச்சரிக்கை விளக்கு எரியும், மெக்கானிக் பில் டீசல் லாபத்தைத் தின்றுவிடும். வாரம் ஒருமுறை சென்னைக்கோ கோவைக்கோ போய் வருகிறவருக்கு டீசல் சரி. மின்சார ஏழு சீட் வண்டிகளும் வந்துவிட்டன, 2025-ல் வந்த கியா கேரன்ஸ் கிளாவிஸ் ஈவி மாதிரி. இந்தச் சின்ன ஓட்டத்துக்கு நன்றாகப் பொருந்தும், விலைதான் பொருந்தவில்லை.

ஹைபிரிட்டைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியைப் பேட்டரியில் சேர்த்துத் திருப்பித் தருவது அதன் வேலையில் பெரும் பங்கு. சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிற சென்னையில் அது பொன். கருவேலங்காட்டு ஊடே நேராகப் போகிற ரோட்டில் பிரேக்குக்கு வேலை எங்கே? தாராளமாக லிட்டருக்கு 19 என்று வைத்தாலும் வருஷம் 632 லிட்டர். எர்டிகாவைவிட 168 லிட்டர், 16,800 ரூபாய் மிச்சம். ஹைகிராஸ் ஹைபிரிட்டின் விலை 25 லட்சத்துக்குமேல். 2023 நவம்பரில் தமிழ்நாடு உயர்த்திய சாலை வரிப்படி 20 லட்சத்தைத் தாண்டிய காருக்கு 20 விழுக்காடு, அதாவது 5 லட்சம். 11 லட்ச ரூபாய் எர்டிகாவுக்கு 18 விழுக்காடு, 2 லட்சத்துக்குள். சாலை வரியில் கூடக் கட்டுகிற 3 லட்சத்தைப் பெட்ரோலில் எடுக்கவே பதினெட்டு வருஷம் ஆகும். வண்டியின் விலையை இதில் நான் சேர்க்கவே இல்லை.

பொலிரோ வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பார்கள். ஐப்பசி மழையில் கரிசல் வண்டிப்பாதை எப்படி ஒட்டும் என்று அவர்களுக்குத் தெரியும். காட்டுக்குள் போயே ஆக வேண்டியவருக்கு என் கணக்கு செல்லாது. உரமூட்டையும் ஆளும் மாறி மாறி ஏறுகிற வண்டிக்குப் பின்சக்கர இழுவை வேண்டும். ஆனால் பின்னால் எதிரெதிராகப் பக்கவாட்டில் உட்காரும் சீட்டில் அப்பத்தாவை மதுரைவரை உட்கார வைப்பது பாவம்.

கனமான ஆட்சேபம் பாதுகாப்பு. எடையைக் குறைத்த இடத்தில் உயிரைக் குறைத்தார்களா என்று கேட்பது தப்பே இல்லை. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் இந்தியாவில் தயாரான டிரைபருக்கு 2021-ல் பெரியவர்கள் பாதுகாப்பில் நாலு நட்சத்திரம் கிடைத்தது. ஆப்பிரிக்காவுக்குப் போகிற எர்டிகாவுக்கு 2024-ல் ஒன்றே ஒன்று. அதன்பிறகு இரண்டு வண்டிகளிலும் ஆறு ஏர்பேக் எல்லா மாடல்களுக்கும் வந்துவிட்டது; உடற்கூட்டின் பலம் ஏர்பேக்கால் கூடாது. ஹைகிராஸ் 2025-ல் பாரத் என்கேப்பில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. கையில் பணமிருந்து கூடக் கொடுப்பதென்றால் இதற்குக் கொடுங்கள், மைலேஜுக்கு வேண்டாம். எந்த வண்டியானாலும் கடைசி வரிசையில் உட்காருகிறவருக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான். அங்கேதான் வீட்டுப் பிள்ளைகளைத் திணிக்கிறோம், பெல்ட்டும் போடாமல். ஷோரூமுக்குப் போகும்போது மூட்டுவலிக்காரர் உட்பட ஏழு பேரும் சேர்ந்து போங்கள். கடைசி வரிசையில் அவர் ஏறி இறங்க முடிகிறதா, பெல்ட் எட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, ஏசியைப் போட்டு நால்வழிச் சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். ஏழு பேரை ஏற்றிக்கொண்டு டெஸ்ட் டிரைவ் தர முடியாது என்று சொன்னால், விருதுநகரிலும் மதுரையிலும் வேறு ஷோரூம்கள் இருக்கின்றன.