ராத்திரி டவுன்லோடா? கதவைப் பூட்டிட்டீங்களா பாஸ்?

டோரன்ட்டைப் போட்டுட்டு நிம்மதியா தூங்குற ஆளா நீங்க? அப்போ இந்தக் கதை உங்களுக்குத்தான்!

திருமங்கலத்துல என் ஃப்ரெண்டு ஒருத்தன். ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு மூணே நாள். டிசைன் சாஃப்ட்வேரோட 'கிராக்' வெர்ஷனை டோரன்ட்டுல இறக்கினான். 'ஆன்டி-வைரஸை ஆஃப் பண்ணு'ன்னு அதுலயே குறிப்பு. பண்ணினான். சாயங்காலம் பார்த்தா, எந்த ஃபைலும் திறக்கல. ப்ராஜெக்ட், அக்கா கல்யாண போட்டோ, அப்பாவோட வீட்டுப் பத்திர ஸ்கேன்... எல்லாம் பூட்டு! 'பணம் கட்டினா சாவி'ன்னு ஒரு நோட்டீஸ். இதுதான் ரான்சம்வேர்.

ராத்திரி டவுன்லோடு நம்ம சித்தப்பா காலத்துப் பழக்கம். 2005-ல் பி.எஸ்.என்.எல். 'டேட்டாஒன்' வந்தப்போ ஸ்பீடு 256 கே.பி.பி.எஸ். சில பிளான்களில் ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை கணக்கே கிடையாது. அலாரம் வெச்சு எழுந்து இறக்குவாங்களாம்! ஆனா ஷேரிங்னா ரெண்டு பக்கமும் திறக்குற கதவு. டோரன்ட்டுல நீங்க எடுக்கும்போதே கொடுக்கவும் செய்றீங்க. உங்க ஐ.பி. முகவரி அதே ஃபைலை இறக்குற மத்தவங்களுக்கும் தெரியும்.

கிராக் போடாதவங்களும் தப்பிக்கல. 2017 மே மாசம் உலகத்தையே ஆட்டின 'வான்னாக்ரை', விண்டோஸோட ஃபைல் ஷேரிங் ஓட்டை வழியாத்தான் பரவுச்சு. அதை அடைக்கிற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்லயே கொடுத்திருந்தது. போடாதவங்க மாட்டினாங்க! அதே வருஷம் ஜூலையில் ஒரு மால்வேர், பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடம்களை ஆயிரக்கணக்கில் முடக்குச்சு. கம்பெனி கொடுத்த 'அட்மின்' பாஸ்வேர்டை மாத்தாத மோடம்கள்தான் அதோட டார்கெட்.

சரி, என்ன பண்ணலாம்?

* ரவுட்டர் பாஸ்வேர்டை இன்னிக்கே மாத்துங்க.
* விண்டோஸ் அப்டேட்டை 'அப்புறம்'னு தள்ளாதீங்க.
* ஷேர் பண்ண தனி ஃபோல்டர் வைங்க. சொந்த ஃபைல் அதுல வேண்டாம்.
* 'ஆன்டி-வைரஸை ஆஃப் பண்ணு'ன்னு எந்த ஃபைல் சொன்னாலும் டெலீட்! பல டிசைன் சாஃப்ட்வேர்களுக்கு இலவச ஸ்டூடன்ட் வெர்ஷனே இருக்கு.
* முக்கியமான ஃபைல்களுக்கு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்ல ஒரு காப்பி. காப்பி எடுத்ததும் கழட்டி வெச்சிடுங்க. மாட்டியே இருந்தா அதுவும் சேர்ந்து பூட்டிக்கும்.

நம்மாளு கைடுக்கு மெயில் பண்ணியிருந்த பழைய ரெண்டு சாப்டரை வெச்சு ரிவ்யூவைச் சமாளிச்சிட்டான். அவங்கப்பா சொன்னது ஒண்ணுதான்: "ஒரிஜினல் பத்திரம் பீரோவுல பத்திரமா இருக்குடா. அக்கா போட்டோவுக்கு எங்கடா போறது?"

அதுக்கு அவன்கிட்ட இன்னிக்கு வரைக்கும் பதில் இல்ல. உங்ககிட்ட இருக்கா?