இலை ஊதியில் விசைக் குறைவு

இலை ஊதி என்பது உதிர்ந்த இலைகளைக் காற்றின் விசையால் ஒதுக்கித் தள்ளும் தோட்டக் கருவி ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் இலையுதிர் காலத்தில் இது மிகுதியாகப் பயன்படுகிறது. பெட்ரோலில் இயங்கும் இலை ஊதிகளுள் பல இருவீச்சு எஞ்சின் கொண்டவை. எஞ்சின் இயங்கியும் முழு விசையை எட்டாதிருப்பது இவற்றில் அடிக்கடி காணப்படும் குறைபாடு ஆகும். அதற்குப் பெரும்பாலும் அடைப்பே காரணம். எஞ்சின் தேய்மானம் அன்று.

பிரித்தறிதல்

எஞ்சின் வேகம் உயர்ந்தும் காற்று வலுவிழந்து வந்தால், குறை எஞ்சினில் இல்லை. காற்று உள்ளே செல்லும் கம்பிவலையில் இலைகள் ஒட்டியிருக்கும், அல்லது விசிறி உடைந்திருக்கும். எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கின் கம்பியைக் கழற்றிய பின்னரே இப்பகுதியில் கை வைத்தல் வேண்டும்.

எஞ்சின் வேகமே உயரவில்லை எனில், சோக்கு முழுவதும் திறந்துள்ளதா, விசையை அழுத்தும்போது கார்புரேட்டரின் மடல் இறுதிவரை திறக்கிறதா என்பவற்றை முதலில் பார்க்க வேண்டும். அடுத்தது காற்று வடிகட்டி. இக்கருவி தான் கிளப்பும் தூசியிலேயே நின்று மூச்சு விடுவதால் வடிகட்டி விரைவில் அடைபடும்.

தீப்பொறி தடுப்பு வலை

பலரும் கவனியாது விடுவது இதுவே. சைலன்சரின் வாயில் உள்ள இச்சிறு கம்பிவலையில், எரிந்த எண்ணெயின் கரி படிகிறது. புகை வெளியேறாவிடில் புதிய கலவை உருளைக்குள் நுழைய இடமிராது. இருவீச்சு மொபெட்டுகளை வைத்திருந்தோர், சைலன்சரில் கரி எடுத்ததும் வண்டி புதிதுபோல் ஓடியதை நினைவுகூரலாம். எஞ்சின் ஆறியபின் வலையைக் கழற்றிக் கம்பித்தூரிகையால் தேய்த்தால் போதும். கிழிந்திருந்தால் மாற்ற வேண்டும். வலையின்றி இயக்குவது காய்ந்த சருகிடையே தீப்பொறியை வீசுவதாகும்.

எரிபொருள்

சோக்கைப் பாதி மூடியதும் எஞ்சின் வலுப்பெற்றால், அதற்குப் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். தொட்டியினுள் குழாய் முனையில் உள்ள வடிகட்டியும், கார்புரேட்டரின் மென்சவ்வும் ஐயத்திற்குரியவை. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை ஈர்க்கும். மாதக்கணக்கில் தேங்கினால் சவ்வை விறைக்கச் செய்யும். தொட்டி மூடியைத் திறக்கும்போது காற்று உள்ளிழுபடும் ஓசை கேட்டு, பின் சிறிது நேரம் மட்டும் எஞ்சின் நன்கு ஓடினால், மூடியின் காற்றுத்துளை அடைபட்டுள்ளது.

கார்புரேட்டர் திருகு

விசை குறைந்தவுடன் கலவைத் திருகைத் திருப்புவது தவறான பழக்கம். இருவீச்சு எஞ்சினுக்குத் தனி எண்ணெய்த் தொட்டி இல்லை. பெட்ரோலில் கலந்த எண்ணெயே பிஸ்டனுக்கு மசகு. 50:1 விகிதத்தில் ஒரு லிட்டருக்கு 20 மில்லிலிட்டர் எண்ணெய். திருகை இறுக்கினால் பெட்ரோலுடன் எண்ணெயும் குறையும். எஞ்சின் சற்று நேரம் சீறி ஓடும். பின் சூடேறிப் பிஸ்டன் உருளையில் கீறிப் பிடித்துக்கொள்ளும். ஸ்பார்க் பிளக்கின் முனை வெளுத்திருப்பது இதற்கு முன்னறிகுறி. வெளிர் பழுப்பு நிறம் சரியான எரிதலையும், ஈரக் கரி மிகைக் கலவையையும் காட்டும்.

மேற்கண்ட யாவும் சீராக இருந்தும் விசை கூடாவிடில் உருளையின் அழுத்தத்தை அளவியால் சோதிக்க வேண்டும். அழுத்தம் வீழ்ந்திருந்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கக்கூடும். எளிய வகைக் கருவிகளில் அதை மாற்றும் செலவு புதிய கருவியின் விலையை நெருங்கிவிடும்.